ஆடுதளத்துக்கு வந்து சேராத பேஸ்

கிளப்பில் பேஸ் போதவில்லை என்று நாலு பேர் சொன்னால் உரிமையாளர் முதலில் இன்னும் இரண்டு சப்-ஊஃபர் வாங்குவார். அதற்கும் மசியவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரை மாற்றுவார். அவ்வளவு செலவுக்குப் பிறகும் ஆடுதளத்தின் நடுவில் ஆடுபவருக்கு நெஞ்சில் எதுவும் தட்டாது. பாரை ஒட்டிய சுவரில் சாய்ந்து நிற்பவருக்கோ கையில் இருக்கும் கண்ணாடி டம்ளர் அதிரும். வாங்கிய பெட்டிகளில் பெரும்பாலும் குறை இருக்காது. அறையின் நீள அகலம், பெட்டி வைத்த இடம், அடித்த ஒலி அடங்க எடுக்கும் நேரம், இந்த மூன்றும்தான் நல்ல பேஸைத் தீர்மானிக்கின்றன. வாட்ஸ் கணக்கு அதற்குப் பிறகே என்பது என் கட்சி. அரை நூற்றாண்டு கிளப் வரலாறும் ஒலியியல் ஆய்வுகளும் அந்தப் பக்கமே நிற்கின்றன.

நடன இசையில் பேஸ் என்பது ஏறத்தாழ 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கிக் டிரம்மின் அடிப்பகுதி 50, 60 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. ஆகவே 40 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் எட்டரை மீட்டருக்கு மேல். ட்வீட்டரிலிருந்து வரும் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை மூன்றரை சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். அதை ஒரு திசைக்குத் திருப்பலாம், திரைச்சீலையால் அடக்கலாம், ஒருவர் குறுக்கே நின்றாலே பாதி மறையும். எட்டரை மீட்டர் அலைக்கு ஆளும் தூணும் ஒரு பொருட்டே இல்லை. பெட்டிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாடும் அதற்குக் கிடையாது. சுற்றிலும் பரவி, சுவரில் மோதித் திரும்பி வந்து, ஓரிடத்தில் தன்னோடு கூடும், இன்னோரிடத்தில் தன்னையே அழிக்கும். கிளப்பின் பேஸ் சிக்கல்கள் அத்தனையும் இந்த நீளத்திலிருந்து தொடங்குகின்றன.

காதும் இதில் ஒத்துழைப்பதில்லை. 1933இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்வு, தாழ்ந்த சுருதிகளுக்கு மனிதக் காது எவ்வளவு மந்தமானது என்பதை எண்களாகக் காட்டியது. பிறகு திருத்தப்பட்டு இன்று உலகத் தரமாக உள்ள வளைகோடுகளின்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெலுக்குக் கேட்கும் சத்தத்துக்கு இணையாக 50 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய 78 டெசிபெல் தேவை. சத்தம் 80 டெசிபெலுக்கு ஏறும்போது அந்த இடைவெளி 38 டெசிபெலிலிருந்து சுமார் 22 ஆகச் சுருங்குகிறது. சத்தத்தைக் கூட்டினால் பேஸ் தானே வந்துவிடுகிறது என்று தோன்றுவது இதனால்தான். ஸ்பீக்கருக்கும் இது பெரும் பாடு: அதே அளவு ஒலியை ஒரு ஸ்தாயி கீழே எழுப்ப கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 18 அங்குல, 21 அங்குல கோன்கள் இதற்காகத்தான்.

இந்தச் சிக்கலை நடனக் கூடத்துக்காக முதலில் முழுமனதோடு எடுத்துக்கொண்டவர்கள் நியூயார்க்கில் இருந்தார்கள். டேவிட் மன்குசோ 1970இல் தன் குடியிருப்பிலேயே தொடங்கிய ‘தி லாஃப்ட்’ விருந்துகளில் கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கர்களை வைத்தார். பால் கிளிப்ஷ் 1940களில் வடிவமைத்த அந்தப் பெட்டியை அறையின் மூலையில்தான் வைக்க வேண்டும்; மூலையின் இரண்டு சுவர்களும் ஹார்னின் தொடர்ச்சியாக வேலை செய்யும். அறையையே ஸ்பீக்கரின் உறுப்பாக்கிய அந்த யோசனைக்கு ஈடான ஒன்று பிறகு வரவில்லை என்றே நினைக்கிறேன். அதே நகரில், வாகன நிறுத்தக் கட்டடம் ஒன்றில் 1977 முதல் 1987 வரை நடந்த ‘பாரடைஸ் கராஜ்’ கிளப்புக்கு ரிச்சர்ட் லாங் ஒலியமைப்பு செய்தார். அங்கே இசைத்த லாரி லெவனின் பெயரிலேயே ஒரு பேஸ் ஹார்ன் உண்டு. ‘ஸ்டுடியோ 54’ கிளப்பிலும் லாங்கின் கைவண்ணம்தான். கராஜைப் பார்த்து வியந்தவர்கள் 1991இல் லண்டனில் ‘மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட்’ தொடங்கினார்கள்.

இன்னொரு கிளை ஜமைக்காவிலிருந்து வருகிறது. 1950களில் கிங்ஸ்டன் தெருக்களில் டியூக் ரீடும் காக்ஸன் டாடும் நடத்திய சவுண்ட் சிஸ்டங்கள், நம் ஊர்த் திருவிழாவில் சவுண்ட் சர்வீஸ்காரர் பெட்டிமேல் பெட்டி அடுக்குவதைப் போல அலமாரி உயரப் பெட்டிகளைத் திறந்தவெளியில் நிறுத்தின. அந்தப் பழக்கம் குடியேறிகளோடு லண்டனுக்கு வந்து, 2000களின் தொடக்கத்தில் ‘பிளாஸ்டிக் பீப்பிள்’ போன்ற சின்னஞ்சிறு நிலவறைக் கிளப்புகளில் டப்ஸ்டெப் இசைக்கு வழிவிட்டது. அந்த இசையின் மையமே 40, 50 ஹெர்ட்ஸ் பகுதிதான். நல்ல சிஸ்டம் இல்லாத இடத்தில் அதைக் கேட்டால் பாட்டில் பாதி காணாமல் போயிருக்கும்.

பெட்டியின் வகைகளைப் பற்றிய சண்டைக்கு நான் அதிக இடம் தர மாட்டேன். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும் ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு, பெட்டியின் கொள்ளளவும் துளையின் அளவும் கணக்குப் போட்டு வருபவை ஆகிவிட்டன. குத்துமதிப்புக்கு வேலை இல்லை. ஹாஃப்மன் சொன்ன விதி மட்டும் மாறாதது: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் அதிகச் சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். ஆம்ப்ளிஃபயர்களின் திறன் குறைவாக இருந்த காலத்தில் ஹார்ன்தான் வழி. ஆனால் 40 ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளமே இரண்டு மீட்டருக்கு மேல் என்பதால், மடித்துக் கட்டினாலும் பெட்டி பெரிதாகத்தான் இருக்கும். நாலைந்தைச் சேர்த்து வைத்தால்தான் முழுப் பலன் தரும். இருநூறு பேர் ஆடும் கூடத்துக்குத் துளையுள்ள 18 அங்குலப் பெட்டிகள் நான்கு போதும். அவற்றுக்கு 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி கட்டாயம் வேண்டும். துளையின் சுருதிக்குக் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்தப் பெட்டிக்குள் காற்றழுத்தம் இருக்காது, ஒரே இரவில் கிழிந்துவிடும்.

வாட்ஸை நம்புகிறவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் திறனை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபெல். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபெல் வேண்டும். அதாவது பத்து மடங்கு மின்திறன். அதிலும் ஸ்பீக்கர் காயில் சூடேறச் சூடேற அதன் மின்தடை கூடி, நள்ளிரவுக்குப் பிறகு அதே நாப் நிலையில் ஒலி சில டெசிபெல் இறங்கிவிடும். மாறாக, தனியாக நின்ற ஒரு சப்பின் பக்கத்தில் இன்னொன்றை ஒட்டி வைத்தால் 6 டெசிபெல் ஏறும். தரை, சுவர், மூலை என்று ஒவ்வொரு பரப்பாக நெருங்கும்போதும் கணக்குப்படி 6 டெசிபெல் வரை கூடுதலாகக் கிடைக்கும். பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று சப்பைக் கூரையில் தொங்கவிடுபவர்கள், தரை இலவசமாகத் தருவதை வேண்டாம் என்று சொல்கிறார்கள்.

இனி அறை. கட்டுரையின் கனம் இங்கேதான் இருக்கிறது. 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். கட்டடம் வரைபவருக்குப் பிடித்தமான, சீரான எண்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அரை அலைநீளம் சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் நிலை அலை உருவாகும்; அதன் மடங்குகளிலும் உருவாகும். 12 மீட்டருக்கு அது 14.3 ஹெர்ட்ஸ், அதன் மூன்றாம் மடங்கு 42.9. 8 மீட்டருக்கு 21.4, இரண்டாம் மடங்கு 42.9. 4 மீட்டர் உயரத்துக்கு முதல் அலையே 42.9. மூன்று திசைகளும் ஒரே சுருதியில் வந்து குவிகின்றன. பேஸ் கிடாரின் அடிக் கம்பியிலிருந்து ஒரு சுரம் மேலே போனால் கிட்டத்தட்ட அந்த இடம்தான். பாட்டில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் கூடம் உறுமும். அடுத்த சுரத்தில் ஆளே இல்லாததுபோல் இருக்கும். பேஸ் வாசித்தவர் எல்லாச் சுரங்களையும் ஒரே அழுத்தத்தில்தான் வாசித்திருப்பார்.

கூடம் காலியாக இருக்கும்போது 43 ஹெர்ட்ஸில் ஒரே சீரான ஒலியை விட்டுவிட்டு, நீளவாக்கில் மெதுவாக நடந்து பார்த்தால் இது காலடியில் தெரியும். முன்சுவரை ஒட்டி நிற்கும்போது அழுத்தம் காதை அடைக்கும். இரண்டு மீட்டர் நடந்தால் ஒலி சட்டென்று மெலியும். ஸ்பீக்கரை யாரோ அணைத்ததுபோல் இருக்கும். இன்னும் இரண்டு மீட்டரில் மறுபடி வீங்கும். பிறகு ஆறாவது மீட்டர், அதாவது கூடத்தின் நட்டநடு. அங்கே மறுபடி பள்ளம். ஆடுபவர்கள் கூடும் இடமும் அதுவே. பின்சுவரை நெருங்கும்போது ஒலி முழு வேகத்தில் திரும்பி வரும். ஈக்வலைசரில் 43 ஹெர்ட்ஸை 6 டெசிபெல் ஏற்றி நடுப்பள்ளத்தை நிரப்பலாம் என்று நினைப்பது வீண். அதற்கு நான்கு மடங்கு மின்திறன் போகும்; நேரே வரும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்தே ஏறுவதால் பள்ளம் பள்ளமாகவே இருக்கும், சுவரோரம் மட்டும் இன்னும் வீங்கும். ஈக்வலைசர் மேட்டைக் குறைக்க உதவும். பள்ளத்தை நிரப்ப அதனால் ஆகாது.

பள்ளத்தை மாற்றும் வழி இடமாற்றம்தான். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு, செவ்வக அறையில் நான்கு சப்களை நான்கு மூலைகளிலோ நான்கு சுவர்களின் நடுப்புள்ளிகளிலோ வைத்தால் நிலை அலைகள் ஒன்றையொன்று அடக்கி, இடத்துக்கு இடம் வேறுபாடு குறையும் என்று காட்டியது. அவர் கணக்கிட்டது வீட்டு அறைகளுக்கு. சிறிய கிளப்புக்கும் அது பொருந்தும். பெரிய கூடத்தில் வேறு கதை: ஒலி ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போக எடுக்கும் நேரமே கிக்கைக் குழப்பிவிடும் என்பதால், அங்கே சப்களை ஓரிடத்தில் கூட்டி வைப்பதே நல்லது.

பெரும்பாலான கிளப்புகளில் இரண்டுமே நடப்பதில்லை. மேடைக்கு இடப்புறம் ஒரு சப், வலப்புறம் ஒரு சப் என்று சமச்சீராக வைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் இடையே 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுக்கோட்டில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து பேஸ் பொங்கும். ஆறு மீட்டர் பின்னால், நடுவிலிருந்து 3.3 மீட்டர் பக்கவாட்டில் நிற்பவருக்கு இரண்டு பெட்டிகளின் தூரமும் ஏறக்குறைய 3.4 மீட்டர் வேறுபடும். 50 ஹெர்ட்ஸில் அது சரியாக அரை அலைநீளம். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். சுவர் எதிரொலிகள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கலைத்தாலும், கூடத்தின் நடுவே ஒரு பேஸ் சந்தும் இருபுறமும் வறண்ட பட்டைகளும் உருவாவது உறுதி. அந்த இரண்டு சப்களையும் நடுவில் ஒட்டி வைத்தால் ஒரு ரூபாய் செலவில்லாமல் இது தீரும். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி வைப்பதும் தவறு. பின்சுவரில் பட்டு வரும் அலை 57 ஹெர்ட்ஸை ஒட்டி நேரலையை அழிக்கும். கிக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சுவரோடு ஒட்டி வைத்தால் இந்த அழிவு சப்பின் எல்லைக்கு மேலே போய்விடும்.

சப்பும் மேல் பெட்டியும் கைமாறும் இடம் இன்னொரு பொறி. 100 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர் வைத்திருக்கும்போது, கேட்பவரிடமிருந்து சப் மட்டும் 1.7 மீட்டர் கூடுதல் தூரத்தில் இருந்தால் அதன் ஒலி 5 மில்லி நொடி தாமதமாக வரும்; கைமாறும் சுருதியில் இரண்டும் எதிரெதிராகிவிடும். கிக்கின் அடி வயிற்றில் ஒன்றும் மார்பில் ஒன்றும் தனித்தனியாகப் படும். இதைச் சரிசெய்ய அனுபவசாலிகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: சப்பின் போலாரிட்டியைத் தலைகீழாக்கி, 100 ஹெர்ட்ஸ் ஒலியை விட்டு, ஆடுதளத்தின் நடுவில் ஒலி எங்கே அதிகம் தேய்கிறதோ அதுவரை டிலேயை நகர்த்துவார்கள். பிறகு போலாரிட்டியைப் பழையபடி மாற்றினால், அதிகம் தேய்ந்த அதே இடத்தில் அதிகம் கூடும். நாலு சப்களில் ஒன்றின் வயர் மட்டும் மாற்றிச் செருகப்பட்டிருந்தாலும் இந்தச் சோதனையில் அகப்பட்டுவிடும். அது அடிக்கடி நடப்பதுதான்.

இடத்தைப் போலவே நேரமும் முக்கியம். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கிளப் கட்டுபவர்கள் அதிகம் கவனிக்காத பக்கம் இது. நிமிடத்துக்கு 120 அடி உள்ள பாட்டில் அரை நொடிக்கு ஒரு கிக் விழுகிறது. கான்கிரீட் நிலவறையில் தாழ்ந்த சுருதிகளின் எதிர்முழக்க நேரம், அதாவது ஒலி அடங்க எடுக்கும் நேரம், இரண்டு நொடி என்றால், அடுத்த கிக் விழும்போது முந்தைய கிக் 15 டெசிபெல்தான் இறங்கியிருக்கும். கிக்கின் மேல் கிக் ஏறி, இடையில் வரும் பேஸ் சுரங்கள் அந்தச் சேற்றில் புதைந்துபோகும். அதே கூடத்தில் எதிர்முழக்கம் 0.6 நொடியானால் முந்தைய அடி 50 டெசிபெல் இறங்கிவிடும். அடுத்த அடி வெற்றிடத்தில் வந்து விழும். மக்கள் ‘பஞ்ச்’ என்று சொல்வது பெரும்பாலும் இந்த இடைவெளியைத்தான். அடெல்மன்-லார்சனும் சகாக்களும் டென்மார்க்கின் 20 ராக் அரங்குகளை அளந்து, இசைக்கலைஞர்களிடமும் ஒலிப்பொறியாளர்களிடமும் கருத்துக் கேட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. நல்ல பெயர் பெற்ற அரங்குகளில், 1,000 முதல் 6,000 கன மீட்டர் வரையிலான கொள்ளளவுக்கு எதிர்முழக்கம் 0.6 முதல் 1.2 நொடிக்குள், எல்லாச் சுருதிகளிலும் ஏறக்குறைய சமமாக இருந்தது. கெட்ட பெயர் பெற்றவற்றில் 63, 125 ஹெர்ட்ஸ் பகுதிகளில் அது கணிசமாக நீண்டிருந்தது.

சுவரில் இரண்டு அங்குல ஃபோம் ஒட்டினால் இது தீராது. பஞ்சு போன்ற பொருள் 50 ஹெர்ட்ஸை நன்றாக விழுங்க வேண்டுமானால் கால் அலைநீளம், அதாவது 1.7 மீட்டர் தடிமன் வேண்டும். ஃபோம் உயர் சுருதிகளை மட்டும் தின்றுவிட்டு பேஸை அப்படியே விட்டுவைக்கும். கூடம் முன்னைவிட மந்தமாகிவிடும். மெல்லிய பலகையைச் சுவரிலிருந்து தள்ளி அடைத்துப் பொருத்துவது நடைமுறை வழி. 9 மில்லிமீட்டர் பிளைவுட், பின்னால் 20 சென்டிமீட்டர் காற்றிடம், உள்ளே கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சு. அது 60 ஹெர்ட்ஸை ஒட்டி அதிர்ந்து அந்த ஆற்றலைத் தானே உறிஞ்சும். பரப்பு நிறைய வேண்டும். கூரை முழுக்கக்கூடக் கொடுக்கலாம். இரண்டு சப்களின் விலையை இதில் போடுபவரின் கிளப் நிச்சயம் நன்றாக ஒலிக்கும்.

கூட்டம் வந்துவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் அரைகுறையானது. உடைகளும் உடல்களும் நடு, உயர் சுருதிகளைத்தான் அதிகம் உறிஞ்சுகின்றன. பேஸை மிகக் குறைவாகவே உறிஞ்சுகின்றன. காலிக் கூடத்தில் சமமாகக் கேட்டது நள்ளிரவில் அடிகனத்துத் தெரிவது இதனால்தான். ஆகவே டியூனிங் செய்பவர் மாலையில் அளந்துவிட்டுப் போகாமல், கூடம் நிறைந்த பிறகும் ஒரு மணி நேரம் ஆடுதளத்தில் நிற்க வேண்டும்.

டிஜேயின் மேசையிலும் கவனம் தேவை. வினைல் தட்டு ஓடும்போது ஊசி ஒரு மைக்ரோஃபோனைப் போலவே வேலை செய்கிறது. மேடைப் பலகை வழியாகவோ காற்று வழியாகவோ பேஸ் ஊசிக்குப் போனால், அது மறுபடி சப்புக்கு வந்து, கூடம் ஊளையிடத் தொடங்கும். நிற்கும் தட்டில் ஊசியை வைத்து, மேசையை விரலால் தட்டினால் சப்பில் ‘தும்’ என்று எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு ஆபத்து. கனமான கான்கிரீட் பலகையை ரப்பர்மேல் உட்கார்த்தி அதன்மேல் டர்ன்டேபிளை வைப்பது பழைய தீர்வு. இன்றும் அதுவே சிறந்தது. மிக்ஸரில் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தால் கிக்கின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும், பிறகு எந்த சப்பாலும் அதை மீட்க முடியாது.

சத்தத்தின் அளவு பற்றியும் பேச வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கு வகுத்த வரையறை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல். இந்த அளவு ‘ஏ’ எடையிட்டது. அந்த எடையிடலில் 50 ஹெர்ட்ஸ் 30 டெசிபெல் குறைத்துக் கணக்கிடப்படுகிறது. அதாவது வரம்பு கைவைப்பது நடு, உயர் சுருதிகளின்மேல். பேஸுக்கு நிறைய இடம் மிச்சம் இருக்கிறது. நல்ல பேஸ் உள்ள கிளப்பில் மற்றதைக் கூட்ட வேண்டிய அவசியமே வராது. பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே ஆடலாம். உடலை அசைய வைப்பதும் பேஸ்தான். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆர்ஃபிக்ஸ் இரட்டையரின் நேரடி நிகழ்ச்சி ஒன்றில், 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான, காதுக்குத் தெரியாத அளவு தாழ்ந்த ஒலியை எழுப்பும் ஸ்பீக்கர்களைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இயக்கியும் அணைத்தும் பார்த்தார்கள். அவை இயங்கியபோது மக்கள் 11.8 சதவீதம் அதிகமாக அசைந்தார்கள் என்று 2022இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. 1999இல் திறந்த லண்டன் ‘ஃபேப்ரிக்’ கிளப் ஆடுதளத்தின் அடியில் நூற்றுக்கணக்கான அதிர்வுக் கருவிகளைப் பதித்தது அதே உள்ளுணர்வால்தான்.

கடைசியாக அண்டைவீட்டார். பல கிளப்புகளை மூட வைத்தது அவர்கள் தூக்கத்தைக் கெடுத்த பேஸ்தான். 20 சென்டிமீட்டர் கான்கிரீட் சுவரை 40 ஆக்கினாலும் கூடுதலாகத் தடுபடுவது சுமார் 6 டெசிபெல். உருப்படியான வழி அறைக்குள் அறை: உள்தரையை ஸ்பிரிங்கின்மேல் மிதக்கவிட்டு, உள்சுவர் வெளிச்சுவரை எங்கும் தொடாமல் எழுப்புவது. அந்த மிதவையின் சொந்த அதிர்வு 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால்தான் கிக் மேல்மாடிக்கு ஏறாது. உயரம் போகும், பணம் போகும், திறந்த பிறகு செய்யவும் முடியாது. எனவே இடம் பார்க்கும்போதே ஒரு சப்பையும் ஆம்ப்ளிஃபயரையும் எடுத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்குப் போக வேண்டும். கீழே 50 ஹெர்ட்ஸை ஓடவிட்டு, மேல்வீட்டாரின் அனுமதியோடு அவர்கள் படுக்கையறையில் நின்று கேட்க வேண்டும். அங்கே தெளிவாகக் கேட்டால், அறைக்குள் அறை கட்டும் செலவையும் சேர்த்துத்தான் அந்த இடத்தின் வாடகையைப் பேச வேண்டும். கட்டுப்படியாகவில்லை என்றால் வேறு இடம் பார்க்க வேண்டும்.